தென்காசி வீட்டுக்குச் சூடு பார்க்கப் போனது

"இது என்ன?" என்று விமான நிலையத்தில் சுங்க அதிகாரி மலையாளத்தில் கேட்டார். என் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்த கேமராவைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். "சூட்டைப் பார்க்கிற கேமரா" என்றேன். அவர் நம்பவில்லை. போட்டுக் காட்டினேன். திரையில் அவர் மூக்கு நீலமாகவும் நெற்றி மஞ்சளாகவும் தெரிந்தன. மேசைமேல் இருந்த டீ கிளாஸ் வெள்ளை வெளேரென்று மின்னியது. அடுத்த ஐந்து நிமிடத்தில் நான்கு அதிகாரிகள் வரிசையில் நின்று தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாக வந்தவர் தன் கிளாஸை நீட்டி, "ஆறிவிட்டதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். பார்த்துச் சொன்னேன். பெட்டியை மூடி அனுப்பிவைத்தார்கள்.

கிளாஸ்கோவில் பதினெட்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. நூறு, நூற்றைம்பது வயதான கல் வீடுகளுக்குப் போவேன். எங்கே சூடு ஒழுகுகிறது, எதை அடைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பார்த்து எழுதிக்கொடுப்பேன். அங்கே ஜனங்களுக்கு வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே போய்விடக் கூடாது, அவ்வளவுதான் கவலை. வீட்டைக் குளிர வைக்க முடியுமா என்று என்னை யாரும் கேட்டதே இல்லை. முதலில் கேட்டவள் கோமதி.

நானும் கோமதியும் பெங்களூரில் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது பெண்கள் விடுதியில் ஒரே அறை. நான் திருச்சி, அவள் தென்காசி. கல்யாணத்துக்குத் தென்காசி திரும்பியவள் அதன் பிறகு அந்த ஊரை விட்டுப் போகவில்லை. அவள் கணவர் சங்கரன் அண்ணன் வங்கியில் இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன் அவருக்கு ஒரு நரம்பு நோய் வந்தது. அந்த நோயில் உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே போதும், கால் சொன்னபடி கேட்காது, கண் மங்கிவிடும். உடம்பு ஆறினால் பழையபடி ஆகிவிடும். அதனால் மார்ச் பிறந்ததும் அவர் ஏசி போட்ட ஒரு சின்ன அறைக்குள் போவார். மழைக்காலம் வந்த பிறகுதான் வெளியே வருவார்.

மகன் கார்த்தி கோயம்புத்தூரில் தன் கட்டடத்திலேயே இவர்களுக்கு ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தான். எல்லா அறையிலும் ஏசி. ஞாயிற்றுக்கிழமைக்குள் வருகிறோமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். கோமதி எனக்குப் போன் செய்தாள். "ஏட்டி ரேவு, ஒருக்கா வந்து பாரு. இந்த வீடு அவருக்கு ஆகுமா ஆகாதான்னு மட்டும் சொல்லு. நீ சொன்னா நான் கேட்டுக்கிடுதேன்."

திங்கட்கிழமை காலை போய் இறங்கினேன். கோமதி குசலம் விசாரிப்பதற்கு முன்னால் கையில் உளுந்தங்களியைக் கொடுத்தாள். நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் விட்டிருந்தது. கருப்பட்டி மணம் தெருவரை வந்தது. கிளாஸ்கோவில் காலை உணவு என்று நான் தின்னும் ஓட்ஸ் கஞ்சியை நினைத்து எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம் சுவரைத் தட்டிப் பார்த்ததுதான். இரண்டடி கனம். செங்கல்லும் சுண்ணாம்பும். நடையைத் தாண்டினால் பட்டாசல் என்று இவர்கள் சொல்லும் பெரிய கூடம், அதை ஒட்டி முற்றம், பின்னால் அடுக்களை. மேலே தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு குத்திய மட்டப்பா, அதாவது மொட்டைமாடி. சிமெண்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் ஆபீசில் இந்த வீட்டின் படத்தைக் காட்டினால் பாதிப்பேர் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். நான் உத்தரத்தை எண்ணுவதும் கதவின் கனத்தை அளப்பதுமாக அலைந்தேன். கோமதி பின்னாலேயே வந்து, "மொதல்ல மூஞ்சியக் கழுவுட்டி" என்றாள்.

ஆனால் வீடு கொதித்தது. இப்படிப்பட்ட சுவருக்குள் காலை பத்து மணிக்கே அப்படிப் புழுங்குவதற்கு நியாயமே இல்லை. முற்றத்தை அண்ணாந்து பார்த்தேன். வானம் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை ஃபைபர் ஷீட்டு, இடுக்கில்லாமல் அடைத்திருந்தது.

"நாலு வருஷம் ஆச்சு" என்றாள் கோமதி. "சூன் மாசம் சாரல் உள்ள அடிச்சா பட்டாசல் பூரா ஈரம். இவரு வழுக்கி விழுந்தா என்ன செய்ய? அதுபோக குரங்கு வேற. குற்றாலத்துல திங்கக் கெடைக்கலன்னா நேரா இங்கனதான் வருது. ஒரு நா இவரு மாத்திரை டப்பாவையே தூக்கிட்டுப் போயிட்டு."

முற்றத்தில் கொடி கட்டித் துண்டுகளும் சேலைகளும் காயப் போட்டிருந்தாள். கொடிக்குப் பின்னால் மரச்சட்டம் அடித்த ஒரு பெட்டி, அதன்மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள். "மழை நாள்ல கூட இங்கன போட்டா அரை மணி நேரத்துல காஞ்சிரும் பாத்துக்க" என்று பெருமையாகச் சொன்னாள். நல்ல ஏற்பாடுதான் என்று நானும் சொன்னேன். பதினெட்டு வருட அனுபவம் அத்தனையும் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போனது.

சங்கரன் அண்ணன் அறைக்குப் போனேன். ஜன்னலில் தெர்மாக்கோல் ஒட்டி அடைத்திருந்தது. கட்டில், டிவி, ஒரு நாற்காலி, வாக்கர். "வாங்க ரேவதி, இதுதான் என் நாடு" என்றார். "பத்துக்குப் பத்து. பாஸ்போர்ட் வேண்டாம்." சிரித்தேன். ஆனாலும் மனசுக்குள் என்னவோ செய்தது. மனிதர் ஆறு அடி உயரம்.

ஒவ்வொரு அறையிலும் சூட்டைப் பதிந்துகொண்டே இருக்கும் கட்டைவிரல் அளவுக் கருவிகளை ஒட்டினேன். பிறகு மத்தியானச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் சொதியை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டே என் தீர்ப்பையும் சொல்லிவிட்டேன். "மட்டப்பாதான் குற்றவாளி. வெயில் பூராவும் அது வழியாத்தான் இறங்குது." யாரும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் கேமராவோடு மட்டப்பாவில் ஏறினேன். செருப்பையும் தாண்டிக் கால் சுட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அதை ரசிக்கக்கூட முடியவில்லை, ஓடி இறங்கினேன். கீழே வந்து கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் கேமரா நீலம் காட்டியது. மறுபடி பார்த்தேன், அப்போதும் நீலம். அத்தனை வெயிலையும் அந்தச் சுண்ணாம்பு தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றது. குற்றவாளி நிரபராதி ஆகிவிட்டார்.

"அது சுடாது" என்றார் சங்கரன் அண்ணன், கட்டிலில் இருந்தபடியே. "ஒடம்பு நல்லா இருந்தப்ப ஏணி போட்டுத் தொட்டுப் பாத்திருக்கேன். மூணு மணிக்குக்கூடச் சுடாது."

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே அண்ணன்?"

"நீங்க கேமரால்லாம் கொண்டாந்திருக்கீங்க. நாம எதுக்குக் குறுக்க பேசணும்னு இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது, என்மேல்தான். ஃபைபர் ஷீட்டு வழியாக வெயில் இறங்குகிறது என்பது தெரிந்தது. ஆனால் வெயில் சாய்ந்த பிறகும் பட்டாசலில் சூடு குறையவில்லை என்று கருவிகள் காட்டின. அதற்குக் காரணம் பிடிபடவில்லை. அடுக்களையில் கோமதி ஐஸ் தண்ணீரில் துண்டை நனைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் முழுக்க அதுதான் அவள் வேலை. கரண்ட் போகுமா, அவர் கால் தடுமாறுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு அந்த அறை வாசலில் உட்கார்ந்திருப்பாள். "ஆகாதுன்னே எழுதிக் குடுத்துரு ரேவு" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "அவருக்கு இந்த வீட்ட விட்டு வர மனசில்ல. எனக்கும் இல்லதான். ஆனா நான் ஓஞ்சு போனேன்ட்டி. நீ ஆகாதுன்னு சொன்னா ரெண்டு பேரும் வாய மூடிட்டுக் கெளம்பிருவோம்."

சாயங்காலம் குளித்துவிட்டு வந்து துண்டைக் கொடியில் போட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. விளக்கு வைத்ததும் கோமதி சாம்பிராணி போட்டாள். கிளாஸ்கோவில் காற்றோட்டம் பார்க்க நாங்கள் பேனா மாதிரி ஒரு புகைக் கருவி வைத்திருப்போம். இவளுடைய தூபக்கால் அதைவிடப் பத்து மடங்கு புகை விட்டது. "அங்கேயே நில்லு, நகராதே!" என்று கத்தினேன். அவள் பயந்துபோய் முற்றத்து நடுவில் நின்றுவிட்டாள்.

புகை நேராக மேலே போனது, ஷீட்டில் முட்டியது, வெளியே போக வழியில்லாமல் சுருண்டு திரும்பி இறங்கியது. அதுவரை நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் கீழே இறங்கிய புகையைப் பக்கவாட்டில் யாரோ தள்ளிவிடுவதுபோலப் பட்டாசலை நோக்கி விரட்டியது ஒரு காற்று. முற்றத்தில் ஏது காற்று? கொடியில் கை வைத்தேன். வெயில் போன பிறகு காயப்போட்ட என் துண்டு அப்பளமாகக் காய்ந்திருந்தது.

பூந்தொட்டிகளை இறக்கிவிட்டு மரப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஏசியின் வெளி யூனிட் ஓடிக்கொண்டிருந்தது.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலிருக்கும் சூட்டை இழுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அந்தக் கொட்டும் பாதிதான் வெளி யூனிட். இந்த வீட்டில் அது சூட்டை வெளியே கொட்டவில்லை, வீட்டின் நடுவிலேயே மூடி போட்டுக் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சூடு பட்டாசலுக்குள் போய், சுவரில் ஏறி, மறுபடி அதே அறைக்குள் போய், அதை மறுபடி ஏசி இழுத்து... நான் முற்றத்தில் குதித்தே விட்டேன். வீட்டுக்குள் சூடான காற்றை ஊதும் மிஷினைக் கிளாஸ்கோவில் நான் வீடு வீடாகச் சிபாரிசு செய்கிறவள். அதனால்தான் ஒன்றரை நாள் அதன் பக்கத்திலேயே துண்டு காயப்போட்டும் எனக்கு உறைக்கவில்லை.

"இது எப்ப இங்க வந்துச்சு?" என்று கேட்டேன்.

"மொதல்ல மட்டப்பாவுலதான் இருந்துச்சு" என்றாள் கோமதி. "குரங்கு வயரப் பிடுங்கிப் போட்டுட்டு. ரெண்டு தடவ. ரெண்டாந் தடவ மே மாசம். ஏசி நின்னு இவரு கட்டில்லருந்து எந்திரிக்க முடியாமக் கெடந்தாரு. அதான் பத்திரமா இருக்கட்டும்னு உள்ள கொண்டாந்து வச்சேன். நானே பக்கத்துல நின்னு வைக்கச் சொன்னேன்." அப்போது முற்றம் திறந்திருந்தது. ஒரு வருடம் கழித்துச் சாரலுக்கும் குரங்குக்கும் பயந்து ஷீட்டுப் போட்டார்கள். இரண்டும் அவருக்காகச் செய்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கோமதி தூபக்காலைக் கீழே வைத்தாள். "அப்ப நாலு வருசமா இந்த வீட்ட நான்தான் வேக வச்சிட்டு இருந்தேனா?"

அறைக்குள்ளிருந்து சங்கரன் அண்ணன் குரல் வந்தது. "பதமாத்தான் வெந்துச்சு கோமதி. அடி பிடிக்கல."

அவள் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். நான் குதித்ததை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்திருப்பது தீர்க்கக்கூடிய நோய்.

புதன்கிழமை பக்கத்து வீட்டுக்காரரைச் சங்கரன் அண்ணனுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுக் குற்றாலம் கிளம்பினோம். குளிக்க அல்ல, கூண்டு பார்க்க. யூனிட்டை மறுபடி மட்டப்பாவுக்கு ஏற்றினால் குரங்கு என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. குரங்குகளோடு வாழும் லாட்ஜ்காரர்களுக்கு அதன் பதில் தெரிந்திருக்குமே! முற்றத்து ஷீட்டைப் போட்ட வெல்டர் முத்தையா அண்ணாச்சியும் அளவெடுக்க வந்தார். மினி பஸ்ஸில் ஏறியதும் முதல் வேலையாகத் தன்மேல் பழி இல்லை என்று சொல்லிவிட்டார். "காத்துக்கு ரெண்டடி தூக்கிப் போடுவோம்னு அன்னைக்கே சொன்னேன். அக்காதான் குரங்கு பூந்துரும்னு சொல்லிட்டாவ." கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சீசனுக்கு இன்னும் சில வாரம் இருந்தது. லாட்ஜ்களுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. மற்ற சுற்றுலாப் பயணிகள் அருவியைப் படம் பிடிக்க, நாங்கள் மூவரும் லாட்ஜ்களின் பின்பக்கம் போய் ஏசிகளைப் படம் பிடித்தோம். ஒரு மேனேஜர் சந்தேகத்தோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் தன் கூண்டைப் புது மாப்பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டினார். கம்பி இடைவெளியில் குரங்குக் குட்டியின் கைகூட நுழையக் கூடாது. குழாயும் வயரும் இரும்புக் குழாய்க்குள் போக வேண்டும். கதவுக்குப் பூட்டு. "கொக்கி மட்டும் போட்டா ரெண்டே நாள்ல தொறந்துரும். என்னையவிட அதுக்குப் புத்தி ஜாஸ்தி" என்றார்.

அதை நிரூபிப்பதுபோல, நான் கேமராவைத் தூக்கிய கையின் கீழிருந்து ஒரு குரங்கு என் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனது. திரையில் அது செக்கச் செவேலென்று சூடாகவும், சிப்ஸ் நீலமாகவும் தெரிந்தன.

அருவியில் நூலாகத் தண்ணீர் விழுந்தது. அதற்கும் வரிசை. எனக்கு முன்னால் நின்ற அம்மாள், "இம்புட்டுத் தண்ணிக்கு இம்புட்டு கூட்டமா!" என்று அலுத்துக்கொண்டாலும் வரிசையை விட்டு நகரவில்லை. ஸ்காட்லாந்தில் மலைக்கு மலை அருவி கொட்டும், ஒருவரும் தலையைக் கொடுக்க மாட்டார்கள். நான் சுடிதாரோடு போய் நின்றேன். அந்த ஒரு நூல் உச்சந்தலையில் விழுந்ததும் வாய்விட்டுக் கத்தினேன். திரும்பும் வழியில் மூவரும் புரோட்டாவும் கோழியும் தின்றோம். எத்தனை என்று கணக்குச் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை, கூண்டு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முத்தையா அண்ணாச்சியின் பட்டறைக்குப் பாவூர்சத்திரம் போக வேண்டும். தனியாகப் போய்விடுவேன் என்று வீரம் பேசிவிட்டு, நின்றிருந்த முதல் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். "பாவூர்சத்திரம் ஒண்ணு" என்றதும் கண்டக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இது நிக்காத வண்டிம்மா. ஏறும்போது போர்டப் பாக்கக் கூடாதா?" பாவூர்சத்திரத்து மார்க்கெட் ஜன்னல் வழியாக ஓடி மறைந்தது. ஆலங்குளத்தில் பஸ் நெரிசலில் நின்றபோது இறக்கிவிட்டார்.

பாவூர்சத்திரம் திரும்ப பஸ்ஸுக்குக் காத்திராமல், அந்த மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு போன ஒரு டெம்போவில் இடம் கேட்டேன். டிரைவர் வழியெல்லாம் விசாரித்தார். பழைய வீட்டைக் குளிர வைக்க வந்திருக்கிறேன் என்றதும் வண்டியின் வேகத்தையே குறைத்துவிட்டார்.

"எங்க வீடு தகரம். மத்தியானம் உள்ள இருக்க முடியாது. அதுக்கு என்ன வழி?"

"தகரத்துமேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிங்க. அதுக்கு மேல அரை அடி இடைவெளி விட்டுத் தென்னங்கிடுகு வேயுங்க."

"அம்புட்டுதானா?"

"அவ்வளவுதான்."

கொஞ்ச தூரம் யோசித்தார். "இதச் சொல்லதுக்கு எதுக்குக்கா அம்மாம் பெரிய கேமரா?" என்றார். 

பட்டறையில் கூண்டு தயாராகியிருந்தது. சாயங்காலம் அண்ணாச்சி ஆட்களோடு வந்து முற்றத்து ஷீட்டைக் கழற்றினார். கம்பி வலையை இழுத்துக் கட்டினார். சாரல் தொடங்குமுன் அதே ஷீட்டை இரண்டடி உயரத்தில், நாலு பக்கமும் காற்று போகும்படி தூக்கிப் போட்டுவிடுவதாகச் சொன்னார். கோமதி ஒரு கம்பை எடுத்து வலையை மூலைமூலையாகக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். நான் பட்டாசல் சுவரின் உச்சியில் அடைத்திருந்த துவாரங்களைத் திறந்தேன். புறாவுக்குப் பயந்து செருகிய பழைய செய்தித்தாள்கள் கூடை கூடையாக வந்தன. கடைசித் துவாரம் திறந்ததும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று உள்ளே நுழைந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. ராத்திரி முழுவதும் அந்தக் காற்று ஓட, சுவர் தன் சூட்டை இறக்கி வைத்தது.

வெள்ளிக்கிழமை யூனிட்டை மாற்ற வேண்டிய நாள். மெக்கானிக் மைதீன் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். "மூணு மணி நேரம்க்கா. பதினொண்ணுக்கு அண்ணன் ரூமு குளுகுளுன்னு ஆயிரும்." ஏசியை நிறுத்தினார். யூனிட்டைக் கயிறு கட்டி மட்டப்பாவுக்கு ஏற்றி, கூண்டுக்குள் உட்கார வைத்துக் குழாயை இழுத்தார். எல்லாம் சரியாகத்தான் போனது. பன்னிரண்டு மணிக்குக் கடைசி இணைப்பை முறுக்கும்போது பித்தளை நட்டு பிளந்துவிட்டது. கையில் மாற்று இல்லை. பைக்கில் கடைக்குப் போனவர் ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"ஜும்மாவுக்கு அடைச்சிட்டாங்க அக்கா. ரெண்டு மணிக்கு மேலதான் தொறப்பாங்க. நானும் தொழுதுட்டு வந்துருதேன்." அவர் முகம் வாடிவிட்டது. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வேலைக்கு நாள் குறித்தது நான். ஜும்மா என்று ஒன்று இருப்பதே என் நினைவில் இல்லை.

மே மாதம், உச்சிவெயில், ஏசி இல்லை. ஜன்னலை அடைத்த அந்தச் சின்ன அறை நிமிடத்துக்கு நிமிடம் சூடேறியது. வேறு வழியில்லை. சங்கரன் அண்ணன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, பட்டாசலில் முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்தார். கோமதி ஐஸ் வாளியைப் பக்கத்தில் வைத்தாள். அவசரத்துக்கு என்று தெருவில் ஒரு கார் சொல்லி நிறுத்தி வைத்தாள்.   எனக்கு வீட்டை அளக்கத் தெரியும், மனிதரை அளக்கத் தெரியாதே.

"நியூஸ் பேப்பரக் குடுங்க" என்றார் அவர். "கண்ணு மங்குனா பொடி எழுத்துதான் மொதல்ல போவும். சத்தமா வாசிக்கேன். நிறுத்துனா ஐஸ் வைங்க."

வரி விளம்பரங்களை எடுத்துக்கொண்டார். "அச்சன்புதூர் அருகில் அரை ஏக்கர், கிணறு உண்டு... பழைய டிராக்டர் விற்பனைக்கு... மணமகள் தேவை, ஜாதகம் அவசியம்..." பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் கருவியைப் பார்த்தேன். ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. முற்றத்துக் காற்று பேப்பரின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை இதே நேரம் இருந்ததைவிட ஆறு டிகிரி குறைவு. எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. கோமதியின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டரைக்கு ஒருமுறை வாசிப்பு நின்றது. கோமதி பாய்ந்தாள். "ஒண்ணுமில்ல" என்றார் அவர். "இந்தாளு முப்பது சென்ட் நெலத்த வாய்க்கால் கரைன்னு போட்டிருக்கான். அங்கன ஏது வாய்க்கா? அதான் யோசிச்சேன்."

கடை திறக்கத் தாமதமாகி, மூன்றரைக்குத்தான் மைதீன் நட்டோடு ஓடிவந்தார். நாலேகாலுக்கு மாடியில் யூனிட் ஓடும் சத்தம் கேட்டது. "அண்ணே, ரூமு ரெடி! வாங்க!" என்று கூப்பிட்டார்.

"இருக்கட்டும் மைதீன். இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வாரேன்" என்றார் சங்கரன் அண்ணன்.

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "சவத்து மூதி, உசிரே போயிட்டுட்டி!" என்றாள். விடுதி நாட்களுக்குப் பிறகு அவளிடம் நான் வாங்கிய முதல் அடி.

சனிக்கிழமை காலை ஒரே பக்கத்தில் தமிழில் அறிக்கை எழுதிக்கொடுத்தேன். இந்த வீடு அவருக்கு ஆகும். ஏசி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், காற்று நிற்கிற கடும் நாட்களில் அது வேண்டும். மற்ற நாட்களில் வீடே பார்த்துக்கொள்ளும். கோமதி அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை வாசித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனை எடுத்துக்கொண்டு புறவாசல் பக்கம் போனாள். நான் பெட்டி கட்ட உள்ளே போனேன்.

மூன்று மணிக்கு ஆட்டோ வந்துவிட்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு பட்டாசலுக்கு வந்தால், முற்றத்து ஓரத்தில் வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்துக் கோமதி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சங்கரன் அண்ணன் நாற்காலியில் இருந்தார். நான் அவளை எழுப்பக் குனிந்ததும் கையைக் காட்டித் தடுத்தார்.

"எழுப்பாண்டாம்" என்றார், சத்தம் வராமல். "கார்த்திகிட்ட வரலன்னு சொல்லிட்டா. சொல்லிட்டு வந்து படுத்தவதான். ஆறு வருசத்துல அவ மத்தியானம் தூங்கி நான் பாத்ததில்ல."

அவரே எழுந்தார். வாக்கர் தரையில் தட்டாதபடி தூக்கித் தூக்கி வைத்து, என்னோடு வாசல்வரை வந்தார். மே மாதத்து மூன்று மணி வெயில் தெருவில் நின்றுகொண்டிருந்தது. ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பக் குனிந்தார். சங்கரன் அண்ணன் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உயர்த்தி அவரை அடக்கினார். ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். என் பெட்டியைச் சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு தெருமுனைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், அங்கேதான் ஸ்டார்ட் செய்தார்.